ஜோடி சேராத சக்கரங்கள்

சென்னையிலிருந்து வடக்கே கிளம்புகிற ஜி.என்.டி. ரோடு கல்கத்தா வரையில் போகிறது. ஆனால் பட்டணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சிறுவாபுரியோடு முடிந்துபோகிற ரோடு. செவ்வாய்க்கிழமை காலையில் மாதவரம் பக்கம் நின்று பாருங்கள். கார், வேன், மோட்டார் சைக்கிள், பஸ் எல்லாம் பூக்கூடையும் அர்ச்சனைப் பையுமாக ஒரே திசையில் விரைந்து கொண்டிருக்கும். தொடர்ந்து ஆறு செவ்வாய் போய்ப் பாலசுப்பிரமணிய சுவாமியைத் தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வேண்டிக் கொள்கிறவர்கள் அங்கே சிறு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 'வீடு' கட்டி வைக்கிறார்கள். இரண்டு கல்லோடு திருப்தியடைகிறவர்களும் உண்டு. ஏழு கல் அடுக்கிவிட்டு, லிப்ட் வைக்க இடம் விட்டோமா என்று யோசிப்பவர்கள் போல் நிற்பவர்களும் உண்டு.

'கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு' என்பது வெள்ளைக்காரர் காலத்துப் பெயர். பிறகு அது 5-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று. எல்லா நம்பர்களையும் மாற்றியபோது 16-ஆம் நம்பர் ஆயிற்று. நம்பர் எதுவானாலும் லாரிக்காரர்களுக்கு அது கல்கத்தா ரோடுதான்.

புழல் ஏரி, செங்குன்றத்து அரிசி ஆலைகள், காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் என்று தச்சூர் கூட்டுரோடு வரையில் பழகிய காட்சிகளே. நடுநடுவே நெல் வயலும் தென்படும். கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டியை நெருங்க நெருங்க ரோட்டின் முகமே மாறுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகோடியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கி, வீடு கட்டும் கம்பியாக இழுக்கிற ஆலைகள் இங்கே நிறைய. சிறுவாபுரியில் கல் அடுக்குகிறவர்களுக்கு நாளைக்கு வேண்டிய கம்பி, முருகனுக்குப் பக்கத்திலேயே தயாராகிறது! ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள், ஆந்திர எல்லைத் தெலுங்குக்காரர்கள், முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள், உள்ளூர் ஜனங்கள் எல்லாருமாக ஒரே டீக்கடை பெஞ்சில் நாலைந்து பாஷை கேட்கலாம்.

இந்த ஆலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிக் கொண்டு லாரிகள் வந்த வண்ணம் இருக்கின்றன. குலுக்கலில் ஒரு துண்டு, துணுக்கு கீழே விழுந்தால் யார் கண்டார்கள்? கார் டயர்தான் கண்டுபிடிக்கிறது.

எங்களுக்கு அது மூன்றாவது செவ்வாய். தரிசனம் முடிந்து, கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கும் என் மாமியாரின் தங்கை மகளைப் பார்க்கப் போய்க் கொண்டிருந்தோம். காரை அவர் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் மாமியாரும் குழந்தைகள் இருவரும். கார் பழையது, ஆனால் நாலு டயரும் வாங்கி இரண்டே வருஷம், நாலும் ஒரே கம்பெனி.

'டப்' என்று ஒரு சத்தம். மூச்சு விடுவதற்குள் இன்னொரு 'டப்'. கார் இடது பக்கம் இழுத்தது. அவர் பிரேக்கைப் பாய்ந்து மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, தானாக வேகம் குறையவிட்டு ஓரம் கட்டினார். டயர் போன வேளையில் திடீர்ப் பிரேக் போட்டால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும் என்பது நினைவில் வைத்துக் கொள்ள வேண்டிய சமாசாரம்.

இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. முன் சக்கரம் போன தடத்திலேதானே பின் சக்கரமும் போகும்? இடது பக்கத்து இரண்டு டயர்களின் விலாவையும் அரிவாள்மணையில் வைத்த மாதிரி கிழித்திருந்தது.

ஆணி குத்தினால் பஞ்சர். அது ரோட்டில் படுகிற தடித்த பாகத்தில் ஏற்படுவது, ஒட்டுப் போடலாம். விலாப்பக்கம் அப்படியல்ல. காரின் பாரத்தை வாங்கிக் கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற இடம் அது. அங்கே நூல் இழைகள் அறுந்துவிட்டால் எந்த ஒட்டும் நிற்காது.

"நாலு சக்கரத்துக்கு ஒரு ஸ்டெப்னி கொடுத்தானே, இரண்டு கிழிஞ்சா என்ன பண்ணச் சொல்றான்?" என்றார் மாமியார், காரைச் செய்தவனே எதிரில் நிற்பது போல.

கேள்வி என்னவோ நியாயந்தான். ஆனால் ஒன்றாவது கொடுத்தானே என்று சந்தோஷப்பட வேண்டும். மோட்டார் வந்த புதிதில் உபரிச் சக்கரம் என்கிற ஏற்பாடே கிடையாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஓர் உபாயம் செய்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இந்த வளையத்தைக் கவ்வ வைத்து வீடு போய்ச் சேர வேண்டியது. வெள்ளைக்காரன் பேச்சில் அந்தப் பெயர் அநேகமாக மறைந்துவிட்டது; நம் நாட்டிலோ பஞ்சர் கடைப் பையன் வரையில் எல்லோர் வாயிலும் 'ஸ்டெப்னி' வாழ்கிறது. முதல் ஸ்டெப்னியே ஜோடி சேராத சக்கரந்தான் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் ஸ்டெப்னியை ஒரு சக்கரத்துக்கு மாட்டியாயிற்று. இன்னொன்றுக்கு? தங்கை மகள் ஆட்டோவில் வந்து மாமியாரையும் குழந்தைகளையும் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஜாக்கியின்மேல் நிற்கிற காரை விட்டுவிட்டு அவர் நகர முடியாது. ஆகவே டயர் வாங்கப் புறப்பட்டது நான்! அவர் டயரின் நம்பரை அர்ச்சனைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த வழியாக வந்த 'குட்டியானை'க்காரர் கிழிந்த சக்கரத்தைப் பின்னால் ஏற்றி, என்னை முன்னால் ஏற்றிக் கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு பஞ்சர் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

கடைக்காரர் கேரளத்துக்காரர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் இந்தத் தொழிலை அவர்கள் எப்படித்தான் பிடித்தார்களோ, எங்கே போனாலும் இருக்கிறார்கள். சக்கரத்தை ஒரு புரட்டுப் புரட்டினார்.

"சேச்சி, இது போயாச்சு. ஒட்டினா நிக்காது."

"வேறே டயர்?"

அர்ச்சனைச் சீட்டை வாங்கிப் படித்தார். '165/80 ஆர் 14.' தலையை ஆட்டினார். "இங்கே எல்லாக் கடையிலும் லாரி டயர்தான். இந்த சைஸ் புதுசு வேணும்னா மெட்ராசிலிருந்து நாளைக்கு வரும்."

அவர் சொன்னது உண்மை. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு லாரி டயர்கள் அடுக்கியிருந்தன. எனக்கு வேடிக்கையாக இருந்தது. டயருக்குப் பஞ்சமில்லாத திசையல்லவா இது? இங்கிருந்து தெற்கே கடலோரம் திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற ரப்பர் செய்தார். 1961-ல் டயரே வந்துவிட்டது. அதுதான் எம்.ஆர்.எப். 'எம்' என்பது மெட்ராசைக் குறிக்கிறது.

இன்னொரு தொழிற்சாலை கும்மிடிப்பூண்டி தாலுகாவிலேயே, தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனி 2009-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, லாரி, பஸ் டயர்களுக்காகத் தொடங்கிய ஆலை. போட்ட முதல் 4,000 கோடி ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். இது பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. சின்ன எழுத்தில் வந்தது வேறு. அந்தத் தொழிற்பேட்டைக்கென்று எடுத்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமி, ஊராரின் மேய்க்கால் நிலம். ஆடு மாடு மேய்ந்ததும், பெண்கள் விறகு பொறுக்கியதும் அங்கேதான். ஊரில் பெரும்பாலோர் தலித் மக்கள். பட்டா இல்லாத பூமிக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது? மறியல் செய்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-ல் பிரான்ஸ் தேசத்துத் தொண்டு நிறுவனங்களையும் தொழிற்சங்கத்தையும் சேர்த்துக் கொண்டு அந்த அரசின் அமைப்பிடமே புகார் கொடுத்தார்கள். ஆலை நின்றுவிடவில்லை, டயர் வந்துவிட்டது. வேலை கிடைத்த வீடும் உண்டு, மாட்டை விற்ற வீடும் உண்டு. பிற்பாடு அதே பக்கத்தில் கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் கட்டி 2020-ல் திறந்தார்கள். கிருஷ்ணா நதித் தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சென்னைக்கு அனுப்புகிற ஏரி அது. ஆக, நம் வீட்டுக் குழாய்க்கும் நாம் ஏறுகிற பஸ்ஸுக்கும் அந்தக் கிராமங்கள் இடம் கொடுத்திருக்கின்றன. தேர்வாய் கண்டிகை என்ற பெயரைப் பட்டணத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இத்தனை டயர் நடுவிலே என் காருக்கு ஒரு டயர் இல்லை.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழைய டயரை உருட்டிக் கொண்டு வந்தார். 185/65 ஆர் 14. "ரிம்மிலே உட்காரும். வீடு வரைக்கும் போகலாம். ஆனா ஜோடி இல்லே" என்றார்.

இந்த நம்பர்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பெண்களாகிய நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. நகையில் ஹால்மார்க் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பிரமாதமல்ல. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு விலாவின் உயரம். 'ஆர்' என்றால் ரேடியல், அதாவது உள் இழைகளை அடுக்கிய விதம். 14 என்பது நடுவிலிருக்கும் இரும்பு வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இவற்றை அடுத்து இன்னொரு எண் இருக்கும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு அடையாளம். 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ. பழைய டயரில் 86 என்று இருந்தது. பாரத்தைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் உயரம்? கணக்குப் போட்டால், எங்கள் டயர் முழு உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். இது 596. குட்டை டயர் அதே தூரம் போக அதிகம் சுற்ற வேண்டும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20 சுற்று கூடுதல். சென்னைக்கு 45 கிலோமீட்டர் என்றால் தொள்ளாயிரம் சுற்று!

அதனால் என்ன என்பீர்கள். தேர் மாடவீதி திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே. வெளிப்பக்கச் சக்கரம் நீண்ட தூரம் உருள, உள்பக்கம் கொஞ்சந்தான் உருளும். தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போட்டு இழுக்கிறார்கள். காரில் என்ஜின் சுற்றுகிற இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 'டிபரென்ஷியல்' என்ற பல்சக்கரக் கூட்டம் இருந்து, திருப்பத்தில் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறது. ஒரு பக்கம் குட்டை டயர் மாட்டிவிட்டால், நேர் ரோட்டில் போகும்போதும் வண்டி திரும்பிக் கொண்டே இருப்பதாக எண்ணி அந்தப் பற்கள் ஓயாமல் உழைக்கும், சூடேறித் தேயும். ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் இழுக்கும்.

"அப்ப, மாட்டக்கூடாதா?" என்றேன்.

"எங்கே மாட்டறதுங்கறதுதான் விஷயம், சேச்சி."

வாங்குவதற்கு முன் டயரை நன்றாகச் சோதித்தேன். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? விலாவிலே நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2320 என்றால் 2020-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் பிறந்தது என்று அர்த்தம். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கிழடு தட்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதை வருஷா வருஷம் காட்டிப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்தைத் தாண்டியதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு பட்டன். ரோட்டில் படுகிற பள்ளங்களுக்குள்ளே சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டுமட்டம் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதற்குக் குறைந்தால் காருக்குச் சட்டப்படியே ஆகாது; மழையில் வழுக்கும். மூன்றாவது, உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. ஒட்டோ வீக்கமோ இருந்தால் தொடவே வேண்டாம். இந்த டயர் மூன்றிலும் தேறியது. 1,500 ரூபாய் சொன்னார்; 1,200-க்குப் படிந்தது. பேரம் முடிந்ததும் அவரே ஸ்கூட்டரில் சக்கரத்தை வைத்துக் கட்டிக் கொண்டு, என்னை ஷேர் ஆட்டோவில் ஏறச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வந்தவர் செய்த முதல் காரியம் நன்றாக இருந்த வலது பின் சக்கரத்தைக் கழற்றியது. "நல்லதை ஏன் கழற்றுகிறார்?" என்று அவர் என்னிடம் கிசுகிசுத்தார். அதுதான் சூட்சுமம். எங்கள் காரில் என்ஜின் சுற்றுவது முன் சக்கரங்களை. திருப்புவதும் அவற்றைத்தான். ஆகவே மிச்சமிருந்த நல்ல டயர் இரண்டையும் முன்னால் ஜோடியாகப் போட்டார். ஸ்டெப்னியும் குட்டை டயரும் பின்னால் போயின. பின் சக்கரங்கள் சும்மா உருள்பவை. ஒன்று அதிகம் சுற்றினாலும் டிபரென்ஷியலுக்குத் தொல்லை இல்லை. புதுக் காராக இருந்தால், சக்கரத்துக்குச் சக்கரம் சுற்று எண்ணுகிற கருவி இந்த வித்தியாசத்தைப் பார்த்து மஞ்சள் விளக்கை எரிய வைக்கலாம் என்றும் சொன்னார்.

"அறுபதுக்கு மேலே போகாதீங்க. பிரேக்கை மெதுவாத் தொடுங்க. மழை வந்தா நிறுத்திடுங்க. பின்னாலே பாரம் வேண்டாம்."

பின்னால் பாரம் என்பது என் மாமியாரும் குழந்தைகளும். எனக்குச் சொரேர் என்றது. அதுவரையில் இது டயர் சமாசாரம். இப்போது ஆள் சமாசாரம் ஆகிவிட்டது. பின் பக்கம் பிடிப்பு குறைந்த வண்டி அவசரப் பிரேக்கில் வாலைச் சுழற்றும். ரோட்டிலோ முன்னும் பின்னும் இரும்பு லாரிகள். தங்கை மகள் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டே இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கொண்டிருந்தேன். இலையை மடித்துவிட்டு மாமியாரே ஆரம்பித்தார்.

"இங்கேருந்து சென்ட்ரலுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் போறதில்லையா?"

"போறது அத்தை."

"குழந்தைகளை நான் கூட்டிண்டு போறேன். நீ அவனோட வா. தனியா விட்டா அறுபது எண்பதாயிடும்."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மூவரையும் ஏற்றிவிட்டுப் புறப்பட்டோம். கார் லேசாக இடது பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது, ஒரு விரல் கனம். கட்டில் காலுக்குக் கீழே அட்டை வைக்க மறந்த மாதிரி. ஐம்பதில் ஓட்டினார். என் கண் ரோட்டில் இல்லை, அந்த முள்ளிலேயே இருந்தது. பின்னாலிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். நல்லூர்ச் சுங்கச் சாவடியில் நாலு டயரும் ஒரே மாதிரியா என்று யாரும் கேட்கவில்லை, பணம் மட்டும் போயிற்று. வழியில் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே வந்து நின்றது. அவர் மெள்ள மெள்ள மிதித்தார். பின்பக்கம் ஒரு முழம் ஒதுங்குவது போல உணர்ந்தேன். ஒதுங்கி, நேராகி, நின்றது. அதன்பிறகு செங்குன்றம் வரையில் இருவரும் பேசவில்லை. பின் ஸீட்டில் குழந்தைகள் இல்லாத வெறுமை அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மறுநாள் ஒரே மாதிரிப் புது டயர் இரண்டு வாங்கினோம். புதியவற்றை முன்னால் போட வேண்டும் என்று பலருக்கு அபிப்பிராயம். அது சரியல்ல; பட்டன் அதிகமுள்ள ஜோடி பின்னால் இருந்தால்தான் மழையில் வால் சுழலாது. காற்றையும் அலைன்மெண்டையும் சரி பார்த்த பிறகு ஸ்டெப்னி பழையபடி டிக்கியில் படுத்துக் கொண்டது. இந்நாளில் கார் வாங்கப் போகிறவர்கள் அந்த டிக்கியைத் திறந்து பார்ப்பது அவசியம். சில கார்களில் ஒல்லியான ஸ்டெப்னி வைத்து, எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் ஸ்டெப்னியே இல்லை. காற்றழுத்தம் காட்டும் கருவியும் ஓட்டை அடைக்கும் பசையும் இருந்தால் போதும் என்று 2020-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஆணி ஓட்டைக்குப் பசை சரி; இரும்புத் தகடு கிழித்த விலாவுக்கு?

கிழிந்த டயர் இரண்டையும் கடைக்காரர் எடுத்துக் கொண்டார். அந்தக் காலமாயிருந்தால் டயர் செருப்பாகியிருக்கும். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலேயே அவற்றைப் பொடியாக அரைத்துத் தாரோடு கலந்து ரோடு போட அனுப்புகிற ஆலைகள் இருக்கின்றன.

அன்று மாலை நாங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது விளக்கு எரிந்து கொண்டிருந்தது. குழந்தைகள் ரயிலில் வாங்கிய வேர்க்கடலையைப் பங்கு போட்டுக் கொண்டிருந்தார்கள். மாமியார் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குட்டை டயருக்கு அருகில் நின்று, "இதா ஆயிரத்திருநூறு?" என்றார். "அடுத்த செவ்வாய் ட்ரெயின்லேயே போயிடலாம். பொன்னேரியிலே இறங்கினா ஷேர் ஆட்டோ இருக்காம். எதிர் ஸீட்டுக்காரி சொன்னா."